லேப்புக்குள் முதல் முறை போகும் பிளஸ் ஒன் மாணவருக்கு

பத்தாம் வகுப்பு வரை பல பள்ளிகளில் லேப் என்பது மேசையைச் சுற்றி நின்று ஆசிரியர் செய்துகாட்டுவதைப் பார்க்கும் இடம்தான். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். பியூரெட் (கரைசலை அளந்து சொட்டவிடும் நீண்ட கண்ணாடிக் குழாய்) உங்கள் கையில், அடர் அமிலப் புட்டி உங்கள் மேசையில், ரீடிங் உங்கள் நோட்டில். அதுவரை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காத கருவியை வைத்துக்கொண்டு இரண்டு பீரியடுக்குள் விடை கொண்டுவரச் சொல்வார்கள். அந்த முதல் சில வாரங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

லேப்பில் நடக்கும் சின்ன விபத்துகளையும் தப்பாக வரும் ரீடிங்குகளையும் கவனித்தால், இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: கை செய்துகொண்டிருப்பதைக் கண் பார்க்கவில்லை. அதனால் பாதுகாப்பையும் அளவெடுப்பதையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளே போகும் முன்

முதல் நாள் இரவே சோதனையின் செய்முறையைப் படித்துவிட்டுப் போங்கள். முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கரைசல் பியூரெட்டில், எது பிப்பெட்டில் (குறித்த ஒரே அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்), எதைச் சூடாக்க வேண்டும், எதைச் சூடாக்கக் கூடாது என்ற அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் பக்கத்து மேசையைப் பார்த்துச் செய்பவர்தான் பாட்டிலை மாற்றி எடுப்பார்.

உடை விஷயத்தில் பருத்திக் கோட்டே நல்லது. செயற்கை இழைத் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவைப் பின் குத்துங்கள், பின்னலை முன்னால் தொங்கவிடாமல் கோட்டுக்குள் போடுங்கள். விரல் தெரியும் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். அமிலத் துளி கீழே விழும்போது முதலில் படுவது கால்தான். பாதுகாப்புக் கண்ணாடி எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. இருந்தால், அழகு பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் நான்கு விஷயங்கள் எங்கே என்று கண்ணால் தேடி வையுங்கள்: தண்ணீர்க் குழாய், மணல் வாளி அல்லது தீயணைப்பான், கேஸ் மெயின் வால்வு, வெளியேறும் கதவு. தேவைப்படும் நேரத்தில் தேட முடியாது. பையையும் டிபன் பாக்ஸையும் வெளியே வைத்துவிடுங்கள். நடக்கும் வழியில் கிடக்கும் பையில் கால் தடுக்கித்தான் பாதி பீக்கர்கள் உடைகின்றன.

அமிலமும் நெருப்பும்

நீர்த்த அமிலம் தயாரிக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள், காரணம் கேட்டால் விழிப்பார்கள். அடர் சல்ஃப்யூரிக் அமிலம் தண்ணீரைவிடச் சுமார் 1.84 மடங்கு அடர்த்தியானது. அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே தங்கிவிடும். இரண்டும் சேரும் இடத்தில் வெளியாகும் வெப்பம் அந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தைச் சட்டென்று கொதிக்க வைத்து, அமிலத்தோடு சேர்த்து முகத்தில் தெறிக்க வைக்கும். மாறாக, நிறையத் தண்ணீருக்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால், அமிலம் கீழே இறங்கிக் கலக்கும், வெப்பம் முழுத் தண்ணீருக்கும் பரவிவிடும்.

புட்டியைப் பிடிக்கும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். வழியும் அமிலம் லேபிளை அழித்துவிட்டால், அடுத்து எடுப்பவருக்கு உள்ளே இருப்பது எது என்றே தெரியாது. மூடியை மேசையில் கவிழ்த்து வைக்காமல் விரல் இடுக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள். ஒருவர் ஊற்றிய கலப்படத்தால் அந்த வாரம் முழுக்க உப்பில் என்ன அயனி என்று கண்டுபிடிக்கும் சால்ட் சோதனையில் எல்லோருக்கும் இல்லாத அயனி தெரியும்.

சோதனைக் குழாயைச் சூடாக்குவதில் மூன்று விஷயம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சாய்த்துப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் சுடர் பட்டால் திரவம் மொத்தமாக எகிறும். குழாயின் வாய் உங்களை நோக்கியோ எதிரே நிற்பவரை நோக்கியோ இருக்கக் கூடாது. மூன்றாவதைத்தான் அதிகம் மறக்கிறார்கள், ஏனென்றால் தன் முகத்தைக் காப்பாற்றக் குழாயைத் திருப்பினால் அது எதிர்வரிசைக்குப் போய்விடும். சுவரைப் பார்த்தபடி திருப்புங்கள்.

வாயுவை முகரச் சொன்னால் குழாய்க்கு நேரே மூக்கைக் கொண்டுபோகாதீர்கள். கையால் லேசாக விசிறி வரும் வாசனையே போதும். அம்மோனியாவாக இருந்தால் அதுவே கண்ணில் நீர் வரவழைத்துவிடும். பழுப்பு நிறப் புகை வந்தால், நைட்ரஜன் டைஆக்சைடாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து, தள்ளி நின்று நிறத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிட் விளக்கை இன்னொரு விளக்கிலிருந்து சாய்த்துப் பற்றவைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிட் சிந்திப் பிடித்துக்கொள்ளும். வாயால் ஊதி அணைக்காமல் மூடியால் மூடுங்கள். அப்புறம் கண்ணாடி. சூடான கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சூடாக்கியதை எப்போதும் மேசையில் ஒரே மூலையில் வைக்கும் பழக்கம் இருந்தால், எதைத் தொடக் கூடாது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

மின்சாரச் சோதனைகளில் அம்மீட்டர் தொடரிணைப்பில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். சுற்றை இணைத்து முடித்து, ஆசிரியர் பார்த்த பிறகுதான் கீயை (சுற்றின் சுவிட்சை) போடுங்கள். ரீடிங் எடுத்ததும் கீயைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தால் அது சூடாகி, மின்தடை மாறி, உங்கள் கடைசி ரீடிங் முதல் ரீடிங்கோடு ஒத்துப்போகாது.

பட்டுவிட்டால்

தோலில் அமிலமோ காரமோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் நின்றுவிட்டது என்று கையை எடுக்காமல், 20 நிமிடம் காட்ட வேண்டும். அமிலத்துக்கு எதிராகச் சோடா உப்பைத் தேய்ப்பது போன்ற வேலை வேண்டாம், நடுநிலையாக்கல் வினையே வெப்பத்தைத் தரும். கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீக்காயத்துக்கும் குளிர்ந்த ஓடும் தண்ணீர்தான், அதே 20 நிமிடம். பற்பசை, இங்க், வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

பாதரச வெப்பமானி உடைந்தால் உருளும் மணிகளைக் கையால் பிடித்து விளையாடத் தோன்றும். தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். பெருக்கினால் அது இன்னும் சிறு துளிகளாகச் சிதறி ஆவியாகும். எல்லோரும் விலகி, ஜன்னலைத் திறந்து, ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

திட்டு விழும் என்று பயந்து காயத்தைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. உடைத்த பீக்கருக்குத் திட்டு வாங்கலாம், தப்பில்லை. காயத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

வெர்னியரும் திருகு அளவியும்

ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணால் மதிப்பிடுவது கடினம். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பிரெஞ்சுக்காரரான பியர் வெர்னியர் 1631-இல் நகரும் துணைக்கோலை அறிமுகப்படுத்தினார். முதன்மைக்கோலின் 9 மி.மீ. நீளத்தை வெர்னியர் கோலில் 10 பிரிவாகப் பிரித்திருப்பார்கள். ஒரு முதன்மைப் பிரிவுக்கும் ஒரு வெர்னியர் பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ., அதாவது 0.01 செ.மீ. அதுதான் மீச்சிற்றளவு, கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு.

கருவியைக் கையில் வாங்கியதும் பொருளை வைக்காதீர்கள். முதலில் தாடைகளை ஒட்ட மூடிச் சுழிப்பிழை, அதாவது பொருளே இல்லாதபோதும் கருவி காட்டும் அளவு, இருக்கிறதா என்று பாருங்கள். வெர்னியரின் சுழி முதன்மைக்கோலின் சுழிக்கு வலப்பக்கம் போய், 3-ஆவது கோடு முதன்மைக்கோலின் ஏதாவது ஒரு கோட்டோடு ஒன்றினால் (நேராகப் பொருந்தினால்) பிழை +0.03 செ.மீ. சுழி இடப்பக்கம் போய் 7-ஆவது கோடு ஒன்றினால், பத்திலிருந்து ஏழைக் கழித்து, −0.03 செ.மீ. இந்த இரண்டாவதில்தான் பலர் −0.07 என்று எழுதிவிடுகிறார்கள்.

இப்போது பொருளை வையுங்கள். வெர்னியரின் சுழிக்கு உடனடி இடப்பக்கம் உள்ள முதன்மைக்கோல் அளவு 2.4 செ.மீ., ஒன்றும் வெர்னியர் கோடு 6 என்றால் அளவு 2.46 செ.மீ. பிழை +0.03 என்றால் கழித்து 2.43, பிழை −0.03 என்றால் கூட்டி 2.49. எந்தக் கோடு ஒன்றுகிறது என்று பார்க்கும்போது கண் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்ந்து பார்த்தால் பக்கத்துக் கோடும் ஒன்றுவதுபோலத் தெரியும். இதுதான் இடமாறு தோற்றப்பிழை.

திருகு அளவியில் சுழலும் தலைக்கோலில் 100 பிரிவு, ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஆகவே மீச்சிற்றளவு 0.01 மி.மீ. இங்கேயும் முதலில் சுழிப்பிழைதான். முகங்கள் தொடும்போது தலைக்கோலின் சுழி புரிக்கோலின் (நகராத நேர்க்கோலின்) அச்சுக்குக் கீழே இருந்தால் நேர்ப்பிழை, மேலே இருந்தால் எதிர்ப்பிழை. அச்சோடு 97 ஒன்றினால் பிழை −0.03 மி.மீ. கம்பியை வைத்து 0.46 வந்தால் சரியான விட்டம் 0.49 மி.மீ.

தலையைப் பிடித்து இறுக்காதீர்கள். கடைசியில் இருக்கும் ராட்செட்டை மட்டும் திருப்பி, 'டிக் டிக்' சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் மெல்லிய கம்பி நசுங்கும், திருகும் தேயும். அப்புறம், திருகை ஒரே திசையில் நகர்த்தியபடி ரீடிங் எடுங்கள். தாண்டிப் போய்விட்டால் நிறையப் பின்னால் எடுத்துவிட்டு மறுபடி முன்னால் வாருங்கள். பழைய கருவிகளில் திசை மாற்றும்போது தலை கொஞ்சம் சுற்றினாலும் முனை நகராது, அதைப் பின்னடைவுப் பிழை என்பார்கள்.

கம்பியை ஒரே இடத்தில் அளக்காமல் நாலைந்து இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் கம்பியைக் கால் சுற்று திருப்பி இரண்டு முறை அளவெடுங்கள். கம்பி முழுக்க ஒரே உருண்டையாக இருப்பதில்லை. இவ்வளவு கவனம் எதற்கு என்றால், யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் எண்) காணும் வளைவுச் சோதனையில் சட்டத்தின் தடிமன் மும்மடியாக வருகிறது. தடிமனில் 2 சதவீதம் பிசகினால் விடையில் சுமார் 6 சதவீதம் பிசகும். நீளத்தை எவ்வளவு அழகாக அளந்திருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எந்த அளவு சூத்திரத்தில் அதிக மடியோடு வருகிறதோ, அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

தனி ஊசல்

ஊசல் ஆடும் நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் காணும் இதை மிக எளிய சோதனை என்று நினைத்து அலட்சியமாகச் செய்வார்கள். நானோ, மாணவருக்கு அளவெடுக்கத் தெரியுமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது என்பேன்.

ஊசலின் நீளம் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தையும் கூட்ட வேண்டும், கொக்கி இருந்தால் அதையும். ஆரத்தை வெர்னியரால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குண்டைப் பக்கவாட்டில் 5 முதல் 10 செ.மீ. வரை இழுத்து, தள்ளாமல் விடுங்கள். தள்ளினால் நேர்க்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றும், அப்படியானால் நிறுத்தி மறுபடி விடுங்கள்.

ஒரே ஒரு அலைவுக்கு நேரம் பார்த்தால் பயனில்லை. கடிகாரத்தை அழுத்துவதில் நம் கை சுமார் 0.2 வினாடி பிந்தவோ முந்தவோ செய்யும். 1 மீட்டர் ஊசலின் அலைவு காலம் ஏறத்தாழ 2 வினாடி, அதில் 0.2 என்பது 10 சதவீதம். 20 அலைவுக்கு எடுத்தால் அதே 0.2 வினாடி 40 வினாடியில் கரைந்து, அரை சதவீதமாகிவிடும்.

எண்ணுவதில்தான் சறுக்கல். குண்டு நடுநிலையைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்தி 'பூஜ்ஜியம்' என்று சொல்லுங்கள். அதே திசையில் மறுபடி நடுநிலையைக் கடக்கும்போது 'ஒன்று'. அழுத்தும்போதே 'ஒன்று' என்று ஆரம்பித்தால் 19 அலைவை 20 என்று எழுதிவிடுவீர்கள்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 1 மீட்டர், 20 அலைவுக்கு 40.1 வினாடி. அலைவு காலம் 2.005, அதன் வர்க்கம் 4.02. பையின் (π) வர்க்கத்தின் நான்கு மடங்கான 39.48-ஐ நீளத்தால் பெருக்கி 4.02-ஆல் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.82 வரும். 19 அலைவை 20 என்று எழுதினால் அதே ஊசல் 10.9 கொடுக்கும். 21 அலைவை 20 என்று எழுதினால் 8.9. ஆகவே உங்களுக்கு 10.9 வந்தால் கருவியைக் குறை சொல்லாமல், மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். 9.7 வந்தால் ஆரத்தைச் சேர்க்க மறந்தீர்களா என்று பாருங்கள். 1 மீட்டரில் 1 செ.மீ. விட்டாலே 1 சதவீதம் குறையும்.

60 முதல் 100 செ.மீ. வரை ஐந்து நீளத்துக்குச் செய்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். நேர்க்கோடு வரும். ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு மாறாது. சாய்விலிருந்து கணக்கிட்டால் விடை சரியாகவே வரும். வரைபடம் எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தரம் பார்த்தல்

ஒரு கரைசலோடு முழுதாக வினைபுரிய இன்னொரு கரைசல் எவ்வளவு தேவை என்று அளந்து செறிவைக் காண்பதுதான் தரம் பார்த்தல். பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகத் தரம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம்.

பியூரெட்டைத் தண்ணீரால் அலசி, பிறகு பெர்மாங்கனேட் கரைசலில் கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டுங்கள். பிப்பெட்டையும் அதில் எடுக்கப்போகும் கரைசலால் அலச வேண்டும். கூம்புக்குடுவையை மட்டும் வெறும் தண்ணீரால் அலசினால் போதும். குடுவையில் கரைசல் ஒட்டியிருந்தால், அளந்து விட்ட 20 மி.லி.யோடு அளக்காததும் சேர்ந்துவிடும். தண்ணீர் ஒட்டியிருந்தால் பொருளின் அளவு மாறாது.

புனலை வைத்து பியூரெட்டை நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து சொட்டும் ஒரு துளி ரீடிங்கைக் கெடுக்கும். கீழ் முனையில் காற்றுக் குமிழி இருந்தால் திறப்பானை ஒருமுறை முழுக்கத் திறந்து வெளியேற்றுங்கள். நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறையை, அதாவது வளைந்த மேற்பரப்பின் அடிப்புள்ளியை, பார்க்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் அடர்ந்த ஊதாவில் கீழ்ப்பிறை தெரியாது, மேல் விளிம்பைப் பாருங்கள். தொடக்கத்தில் எதைப் பார்த்தீர்களோ முடிவிலும் அதையே பாருங்கள்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 'எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்' என்பார்கள். ஆக்சாலிக் அமிலம் நச்சுப்பொருள், வாய் வேண்டவே வேண்டாம். ரப்பர் பல்பு கேளுங்கள். பல்பு இல்லையென்றால் இன்னொரு பியூரெட்டில் அந்தக் கரைசலை நிரப்பி 20 மி.லி. அளந்து விட்டுக்கொள்ளலாம். பிப்பெட்டின் மேல்முனையைக் கட்டைவிரலால் மூடாமல் ஆள்காட்டி விரலால் மூடினால் கட்டுப்பாடு கிடைக்கும். கரைசல் வடிந்தபின் நுனியில் ஒரு துளி நிற்கும். ஊதித் தள்ளாதீர்கள், அந்தத் துளியைக் கணக்கில் எடுத்துத்தான் பிப்பெட்டில் குறி போட்டிருக்கிறார்கள்.

குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கும், கணக்கு குழம்பும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். கொதித்தால் ஆக்சாலிக் அமிலம் சிதையும், ஆறிப்போனால் வினை மெதுவாகும். முதல் சில துளிகளின் நிறம் மறைய நேரமாகும், பதறாதீர்கள். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாக வேலை செய்யும், அப்புறம் நிறம் உடனுக்குடன் மறையும். நடுவில் பழுப்பாகக் கலங்கினால் சல்ஃப்யூரிக் அமிலம் போதவில்லை என்று அர்த்தம்.

குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு இருக்கட்டும். இடக்கை திறப்பானில், வலக்கை குடுவையைச் சுழற்றியபடி. முதல் முறை வேகமாகப் பார்த்து முடிவு எங்கே வருகிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை அதற்கு 1 மி.லி. முன்பே நிறுத்தி, துளித்துளியாக விடுங்கள். குலுக்கியும் மறையாத வெளிர் இளஞ்சிவப்புதான் முடிவுநிலை. பளிச்சென்ற ஊதா வந்தால் தாண்டிவிட்டீர்கள். இரண்டு ரீடிங் ஒத்துப்போகும்வரை செய்யுங்கள். தோராயமாகப் பார்த்த முதல் ரீடிங்கைச் சராசரியில் சேர்க்க வேண்டாம்.

நோட்டு

ரீடிங்கைக் கையிலோ துண்டுச் சீட்டிலோ எழுதாமல் நேராக அப்சர்வேஷன் நோட்டில், பேனாவால் எழுதுங்கள். தப்பானால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். வெர்னியரில் சரியாக 2.4-இல் நின்றால் 2.40 என்றே எழுதுங்கள், அந்தச் சுழி நீங்கள் எதுவரை பார்த்தீர்கள் என்பதைச் சொல்கிறது. மறுபக்கம், கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கத்தையும் விடையில் இறக்கிவைக்காதீர்கள்.

விடையை முதலில் எழுதி அதற்கேற்ப ரீடிங்கைத் தயாரிக்கும் கலை எல்லாப் பள்ளியிலும் சீனியர்களிடம் கிடைக்கும். அனுபவமுள்ள தேர்வாளருக்கு அது உடனே தெரிந்துவிடும். உண்மையான ரீடிங்குகள் கொஞ்சம் சிதறியிருக்கும், தயாரித்தவை வரிசையாக நிற்கும். பக்கத்து மேசையில் 19.3, உங்களுக்கு 19.8 என்றால் உங்களுடையதை மாற்றாதீர்கள். பிப்பெட்டைக் கரைசலால் அலசினீர்களா, குமிழி இருந்ததா என்று பாருங்கள், நேரம் இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். தவறு அவர்களுடையதாகவும் இருக்கலாம்.

கழுவி வைக்கும் நேரம்

மணி அடிப்பதற்கு 10 நிமிடம் முன்பே நிறுத்துங்கள். பியூரெட்டில் மிஞ்சிய பெர்மாங்கனேட்டை உள்ளேயே விட்டுவிட்டுப் போனால் கண்ணாடியில் பழுப்புக் கறை படியும். காலி செய்து, தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, திறப்பானைத் திறந்த நிலையில் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டுங்கள். குடுவையில் ஏற்கெனவே பழுப்பு ஒட்டியிருந்தால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். மிச்சமிருக்கும் ஆக்சாலிக் அமிலத்தில் கொஞ்சம் எடுத்து, இரண்டு துளி நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் சேர்த்துக் குலுக்கினால் கறை கண்ணெதிரே காணாமல் போகும். உடைந்த கண்ணாடியைக் குப்பைக்கூடையில் போடாமல் லேப் உதவியாளரிடம் சொல்லித் தனி டப்பாவில் போடுங்கள். கேஸ் குழாய் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போங்கள்.